முதல் கிட்டாரும் முதல் ஆம்பும்: கம்பியிலிருந்து காது வரை

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி என்று இந்தக் கடற்கரையில் கிட்டார் வாசிக்கிற மூத்தவர்கள் யாரிடமாவது "அண்ணே, உங்க முதல் கிட்டார் எது?" என்று கேட்டுப் பாருங்கள். கிட்டாரைப் பற்றி இரண்டு வாக்கியம் வரும். அப்புறம் அதை எதில் சொருகி வாசித்தார்கள் என்ற கதைக்குப் போய்விடுவார்கள். மாதா கோயில் மைக்செட், கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர், ரேடியோ மெக்கானிக் தகரப் பெட்டிக்குள் செய்து கொடுத்த ஆம்ப் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். கடைசியில் ஏறக்குறைய எல்லாருமே இப்படித்தான் முடிப்பார்கள்: "அதே கிட்டார்தாம்ப்பா. மதுரையில ஒரு நல்ல ஆம்புல போட்டதும் வேற கிட்டார் மாதிரி இருந்துச்சு."

கிட்டார் மாறவில்லை, கை மாறவில்லை, சத்தம் மட்டும் எப்படி மாறியது? எலெக்ட்ரிக் கிட்டாரில் பாதி வாத்தியம்தான் தோளில் தொங்குகிறது. மீதிப் பாதி ஆம்பும் ஸ்பீக்கரும். கிட்டார் கற்க ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்கு இதை முதலிலேயே யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் கம்பியில் தொடங்கி, சத்தம் காதுக்கு வருகிற வழி முழுவதையும் பார்த்துவிடுவோம்.

முதலில் சாதாரண மரக் கிட்டார். ஒரு கம்பியை மட்டும் தனியாக இழுத்துக் கட்டித் தட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. மெல்லிய கம்பியால் காற்றை அசைக்க முடியாது. அது தன் அதிர்வைப் பாலம் (கம்பிகளைத் தாங்கி நிற்கிற சின்னக் கட்டை) வழியாகக் கீழே இருக்கிற மரப்பலகைக்குக் கொடுக்கிறது. அகலமான பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. அதுதான் நாம் கேட்கிற சத்தம். வீட்டுத் திண்ணைக்கு இது தாராளம். ஆனால் பாடகர் குழுவில் இருபது பேர் பாட, பக்கத்தில் கீபோர்டும் தபலாவும் ஓட, அந்தக் கிட்டார் இருப்பதே தெரியாது.

இங்கே பலருடைய முதல் கிட்டார் கொல்கத்தாவில் செய்த கிவ்சன், அல்லது சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தது. ராமேஸ்வரம் தீவில் இருந்தவர்களுக்கு 1988-ல் சாலைப் பாலம் திறக்கும்வரை கிட்டாரும் ரயிலிலோ படகிலோதான் வர வேண்டும். வந்து சேர்ந்த கிட்டாரை வாசித்தால் விரல் கன்றிப்போகும். விலை குறைந்த கிட்டார்களில் இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதனால்தான் நிறையப் பேர் ஒரே மாதத்தில் கிட்டாரைப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

மரக் கிட்டாரின் ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசையோடு கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நல்ல கிட்டாரின் கழுத்துக்குள் அந்த இழுப்பைத் தாங்க, திருகிச் சரிசெய்யக்கூடிய ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அது இல்லாவிட்டால், அல்லது ஒழுங்காகச் சரிசெய்யப்படாவிட்டால், கழுத்து வில்லாக வளையும். கூடவே நம் ஊர் ஈரக்காற்றில் பலகை ஊறி உப்பி, பாலத்தையும் மேலே தூக்கும். இரண்டும் சேர்ந்து கம்பி கழுத்தைவிட்டு உயர்ந்துவிடும். கழுத்தில் இருக்கிற கட்டங்களில் (ஃப்ரெட்) பன்னிரண்டாவதில் இந்த இடைவெளி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சுகமாக வாசிக்கலாம். ஐந்து மில்லிமீட்டர் ஆனால் விரலும் வலிக்கும், சுருதியும் போகும். உயரமான கம்பியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டு, வர வேண்டிய சுரத்தைவிட மேலே போய்விடுகிறது. ஆகவே சத்தம் பிசகினால் உங்கள் காதையும் கையையும் சந்தேகப்படும் முன் கம்பியின் உயரத்தைப் பாருங்கள்.

சரி, இப்போது மின்சாரத்துக்கு வருவோம்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே ஒரு பட்டை இருக்கும். அதுதான் பிக்அப். பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான்: கம்பிக்கு ஒன்றாக ஆறு சிறிய காந்தக் குச்சிகள், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. ஒரு சாதாரணப் பிக்அப்பில் 7,000, 8,000 சுற்றுகூட இருக்கும். அந்தச் செப்புக் கம்பியின் தடிமன் 0.06 மில்லிமீட்டர்தான். நகம் பட்டால் அறுந்துவிடும்.

வேலை செய்கிற விதம் 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்ததேதான். கம்பிச்சுருளுக்குள் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் உண்டாகும். கிட்டார் கம்பி இரும்பு என்பதால் கீழே இருக்கிற காந்தம் அதையும் காந்தமாக்கிவிடுகிறது. அந்தக் கம்பி அதிரும்போது சுருளுக்குள் இருக்கிற காந்தப்புலமும் அதே வேகத்தில் ஆடுகிறது. கம்பி நொடிக்கு 110 தடவை ஆடினால் மின்சாரமும் 110 தடவை ஏறி இறங்கும். பிக்அப் காற்றில் வருகிற ஒலியைக் கேட்பதில்லை, இரும்பின் ஆட்டத்தைப் பார்க்கிறது.

கம்பி அறுந்து, மாற்றுக் கம்பி வாங்க ஊருக்குப் போக முடியாத நாளில் தூண்டில் தங்கூஸை, அதாவது நைலான் நரம்பை, மாட்டிப் பார்த்தவர்கள் இந்தக் கரையில் உண்டு. மரக் கிட்டாரில் அது மொத்தையாகவாவது ஒரு சத்தம் கொடுக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரில் மாட்டினால் மற்ற ஐந்து கம்பியும் பேசும், தங்கூஸ் மட்டும் ஊமை. நைலானில் இரும்பு இல்லை, பிக்அப்புக்கு அது தெரியவே தெரியாது. பிக்அப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இப்படி உண்டாகிற மின்சாரம் ரொம்பச் சின்னது. மெதுவாகத் தட்டினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டை எட்டலாம். இதை வைத்து ஸ்பீக்கரை அசைக்க முடியாது. ஆம்ப் இதை முதலில் கொஞ்சம் பெரிதாக்கி, பேஸ், டிரெபிள் திருகுகளில் சீர்செய்து, பிறகு ஸ்பீக்கரைத் தள்ளுகிற அளவுக்குப் பலம் கொடுத்து அனுப்புகிறது. ஸ்பீக்கரில் மறுபடியும் சுருளும் காந்தமும். அங்கே மின்சாரம் காகிதக் கூம்பை ஆட்ட, காற்று அசைகிறது.

இந்த இடத்தில்தான் கோயில் மைக்செட் கதை வருகிறது. அதில் மூன்று விஷயம் கிட்டாருக்கு ஒத்துவராது. மைக்செட்டில் குறை எதுவும் இல்லை. அது பேச்சுக்காகச் செய்த சாதனம், அந்த வேலையை அருமையாகச் செய்கிறது.

முதல் விஷயம், இன்புட். மைக் சொருகுகிற ஓட்டைக்கு உள்தடை, அதாவது உள்ளே வருகிற மின்சாரத்துக்கு அது காட்டுகிற எதிர்ப்பு, சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். பிக்அப்புக்கு வேண்டியது பத்து லட்சம் ஓம் அளவு. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிற இடம் இது, எனவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். கைத்தூண்டில் போட்டவர்களுக்குத் தெரியும்: நரம்பை விரல் நுனியில் லேசாகப் பிடித்திருந்தால் சின்ன மீன் கொத்துவதுகூட விரலுக்குத் தெரியும், இறுக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. உள்தடை அதிகமான இன்புட் லேசாகப் பிடிக்கிற விரல். உள்தடை குறைவான இன்புட் பிக்அப்பை இறுக்கிப் பிடித்துவிடுகிறது. அதில் முதலில் செத்துப்போவது உயர்ந்த அதிர்வுகள். கம்பியைத் தட்டியதும் வருகிற அந்தப் பளிச்சென்ற நுனி காணாமல் போய், சத்தம் மொத்தையாகிவிடும்.

இரண்டாவது, கூம்புக் குழாய். திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் கட்டுகிற அந்தக் குழாயில் பொதுவாக 300 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 300 அதிர்வு) கீழே பெரிதாக ஒன்றும் வராது. மனிதக் குரல் தெளிவாகக் கேட்க அது போதும், தூரமும் போகும். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். ஐந்தாவது 110, நான்காவது 147, மூன்றாவது 196, இரண்டாவது 247. ஒன்றாவது கம்பி மட்டும்தான் 330. அதாவது எதையும் அழுத்தாமல் தட்டினால் ஆறில் ஐந்து கம்பிகளின் அடிச்சுரம் குழாய்க்குள்ளேயே நின்றுவிடுகிறது. அடிச்சுரத்தோடு கூடவே மேலே ஒலிக்கிற துணைச்சுரங்களை வைத்து என்ன சுரம் என்று காது ஊகித்துக்கொள்ளும், ஆனால் கனம் வராது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் அப்படி ஓடுகிறது என்பது கல்யாண வீட்டுக் குழாயில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ரொம்பக் காலம் தெரியாது. கேசட் கடையில் பெட்டி ஸ்பீக்கர் வந்த பிறகுதான் "அட, கீழே ஒரு ஆள் தனியாப் பாடுறாரே" என்று காது திறந்தது. பேஸ் கிட்டார் எடுத்தவர்களில் பலர் அந்த ஸ்பீக்கர் முன்னால்தான் அந்த முடிவை எடுத்தார்கள்.

மூன்றாவது, அளவு. மைக் கொடுப்பது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். கிட்டார் கொடுப்பது அதைவிட நூறு மடங்குக்குப் பக்கம். அவ்வளவு பெரிய சிக்னல் உள்ளே போனதும், அதைப் பெரிதாக்குகிற டிரான்சிஸ்டர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்குக் கிடைக்கிற வோல்ட்டேஜைத் தாண்டி அதால் ஏற முடியாது. அலையின் உச்சியும் அடியும் மட்டமாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மூல சுரத்தோடு கம்பியில் இல்லாத புதுத் துணைச்சுரங்களும் சேர்ந்துவிடும். அந்தக் கரகரப்புதான் டிஸ்டார்ஷன்.

இது கெட்டதா? பாடலைப் பொறுத்தது. உலகம் முழுக்க ராக் கிட்டாரின் சத்தமே இந்த வெட்டுப்பட்ட அலைதான். இங்கிலாந்தில் கிங்க்ஸ் என்ற ராக் குழுவின் கிட்டார்காரர் டேவ் டேவிஸ் 1964-ல், 17 வயதில், எல்பிகோ என்ற தன்னுடைய சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தைப் பிளேடால் கீறி, அந்தக் கிழிசல் சத்தத்தோடே ரெக்கார்ட் செய்தார். அது உலகப் புகழ் பெற்றது. கோயில் மைக்செட்டில் வந்த கரகரப்புக்காகத் திட்டு வாங்கிய நம்ம ஊர்ப் பையன்களும் அதே பௌதிகத்தின் வாசலில்தான் நின்றார்கள். வித்தியாசம் ஸ்பீக்கரில். கிட்டார் ஆம்பில் இருக்கிற பத்து அல்லது பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் 5,000, 6,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்ட ஒன்றும் கொடுக்காது. டிஸ்டார்ஷனின் கீச்சுப் பகுதியை அது தானாகவே மழுக்கிவிடுகிறது. அதே சிக்னலைக் கீபோர்டுக்கான பாக்ஸில் விட்டால், அதில் கீச்சுச் சத்தத்துக்கென்றே இருக்கிற சின்ன ஸ்பீக்கரான டுவீட்டர் அந்தக் கீச்சை முழுசாகக் காதில் அறையும். கிட்டார் ஆம்ப் வந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிற கருவி கிடையாது. அதுவும் சேர்ந்து வாசிக்கிறது.

ஆம்பை இப்படி ஒரு வாத்தியமாக்கியவர்களில் முக்கியமானவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைக்கு ஆம்பைத் தூக்கிவந்த பாட்டுக்காரர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டே ஆம்பும் கிட்டாரும் செய்தார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் அவருடையதுதான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ராமநாதபுரம், பரமக்குடிப் பக்கத்து ரேடியோ மெக்கானிக்குகள் நினைவுக்கு வருவார்கள். அவர்களும் கிட்டார் வாசித்தவர்கள் இல்லை. ஆனால் "அண்ணே, கம்பியத் தட்டுனா கொளகொளன்னு வருது" என்று ஒரு பையன் வந்து நின்றால், அதைக் காது கொடுத்துக் கேட்டு, பெட்டியைத் திறந்து ஈயம் வைத்துக் கொடுத்தவர்கள்.

அவர்கள் கையில் இருந்தது 4440 போர்டு, அதாவது ஆம்பின் வேலையைச் செய்கிற 4440 என்ற ஐசி (சின்னச் சில்லு) வைத்த போர்டு. தமிழ்நாட்டு மெக்கானிக் கடைகளில் இந்த ஐசியைத் தெரியாத ஆளே இல்லை. 12 வோல்ட்டில் ஓடும் என்பதால் வண்டி பேட்டரியே போதும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும்போது தள்ளுவண்டியில் பேட்டரி, மேலே ஆம்ப், கயிற்றில் கட்டிய பாக்ஸ், பக்கத்தில் கிட்டாரோடு ஓர் அண்ணன். அந்த ஐசிக்கும் உள்தடை ஏறத்தாழ 20,000 ஓம்தான், அதனால் பிக்அப்பை நேராகப் போட்டால் மொத்தைச் சத்தமே வரும். விஷயம் தெரிந்த மெக்கானிக் முன்னால் ஒரே ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டரை வைத்து இன்புட்டை லேசான பிடியாக மாற்றிவிடுவார். சில ரூபாய்ச் செலவில் கிட்டார் திடீரென்று கண் திறந்ததாக இருக்கும். முதல் ஆம்பைப் பற்றிப் பேசும்போது பலர் அந்தக் கடைக்காரரைப் பற்றியே பேசுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்து "உம்ம்ம்" என்கிற இரைச்சல். பிக்அப் ஒரு கம்பிச்சுருள் என்பதால் சுற்றி இருக்கிற எல்லா மின்காந்த ஆட்டத்தையும் அது பிடிக்கும். நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. டியூப்லைட் சோக், டிரான்ஸ்ஃபார்மர், பந்தலில் ஓடுகிற சீரியல் செட் எல்லாமே அதற்குள் பாடும். நின்ற இடத்திலேயே உடம்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையும். அமெரிக்காவின் கிப்சன் கிட்டார் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் இதற்கு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் சுற்றையும் காந்தத்தையும் தலைகீழாக்கினார். கம்பியின் சத்தம் இரண்டிலும் கூடும். வெளியிலிருந்து வருகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஹம்பக்கர் என்று கடையில் கேட்பது இதைத்தான். திருவிழா மேடையில் வாசிக்கப் போகிறவர்கள் ஹம்பக்கர் இருக்கிற கிட்டாரையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

இரைச்சலை விட்டுவிடலாம். ஷாக்கை விட முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பாலம் வழியாக ஒரு வயரில் ஆம்பின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கின்றன. இரைச்சலைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. ஆம்பில் கரண்ட் கசிந்து, எர்த்தும் இல்லாவிட்டால், உங்கள் கை தொடுகிற கம்பியிலேயே கரண்ட் நிற்கும். அந்த நேரத்தில் வேறு லைனில் ஒழுங்காக எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால், கரண்ட் கைக்கும் உதட்டுக்கும் நடுவில், நெஞ்சு வழியாகப் பாயும். "சுள்ளுன்னு அடிச்சுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதில் செத்துப்போன கலைஞர்கள் உலகத்தில் உண்டு. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் ஓட்டையில் சொருகாதீர்கள். கடற்கரையில் உலர்ந்த மேல்மணல் எர்த்துக்கு ஆகாது; குழி ஈரம் இருக்கிற ஆழம்வரை போக வேண்டும், கரியும் உப்பும் போட்டுத் தண்ணீரும் ஊற்றிவர வேண்டும். வாசிக்கும் முன் டெஸ்டரைக் கிட்டார் பாலத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்தால் அன்றைக்குக் கச்சேரி வேண்டாம்.

உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் கிட்டார் பேச்சு முடியாது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகையும் சிறப்புப் பூச்சையும் தேட வேண்டியிருந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கிட்டாரின் ஒன்றாவது கம்பி எம்மாத்திரம்! காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற உப்பு கம்பியில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. துரு ஏறிய கம்பி ஒரே சீராக ஆடாது, சுருதியும் நிற்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டு உறைக்குள் வையுங்கள். கிட்டாரில் வயர் சொருகுகிற ஜாக்கில் பச்சைக் களிம்பு பிடித்தால் கரகரவென்று சத்தம் வரும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகிவிடும். பிக்அப் திடீரென்று ஊமையானால் சுருளின் முனையில் ஈயம் வைத்த இடத்தைப் பாருங்கள். அந்த மயிரிழைச் செப்பு உப்பில் அரித்து அறுவது அங்கேதான். நல்ல மெக்கானிக் கையில் அது பிழைக்கும்.

முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்கு: கையில் இருக்கிற பணத்தை முழுக்கக் கிட்டாரில் கொட்டிவிட்டு ஆம்புக்கு அப்புறம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வீட்டுக்கு 10 முதல் 20 வாட் கிட்டார் ஆம்ப் போதும். கோயிலிலோ பந்தலிலோ வாசிக்க வேண்டுமானால் மைக்செட்தான் இருக்கும், அதோடுதான் வாழ வேண்டும். அதற்கு டிஐ பாக்ஸ் என்று உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி விற்கிறார்கள். ஒரு பக்கம் கிட்டாரை லேசாகப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் மைக் இன்புட் எதிர்பார்க்கிற அளவில் சிக்னலைக் கொடுக்கும். முன்னால் சொன்ன மூன்று சிக்கலில் முதலும் கடைசியும் இதில் தீரும். நடுவில் இருக்கிற குழாய்ச் சிக்கலுக்கு மைக்செட்காரரிடம் முன்கூட்டியே பேசி, மேடைக்கு மட்டுமாவது ஒரு ஜோடி பெட்டி ஸ்பீக்கர் வைக்கச் சொல்லுங்கள்.